காலநிலைச் செய்திகளிற் சொல்வன்மை

உயர்தர வகுப்பு மாணாக்கருக்குத் தமிழ் கற்பிக்கும் யான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், புவியின் வெப்பநிலை உயர்வது பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியொன்றைப் பிரதிசெய்து வகுப்பிற் கொடுத்தேன். வாசிப்போர் மனத்தைத் தம்வழிப்படுத்தும் பொருட்டுச் செய்தியை எழுதினோர் கையாண்ட சொற்களையெல்லாம் சிவப்பு மையினாற் கோடிடுக என்பது பயிற்சி. மாணாக்கர் ஊக்கத்தோடு கோடிட்டனர். ‘பேரழிவு’, ‘அதிர்ச்சி’, ‘விளிம்பில் நிற்கும் உலகம்’ என்பன ஒவ்வொன்றாய் அகப்பட்டன. அரைமணி நேரத்துக்குள் தாளிற் பாதி சிவந்துவிட்டது. பயிற்சி நன்கு நிறைவேறியதென்று யான் மகிழ்ந்திருந்த வேளையில், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அப்ப இதிலை சொல்லியிருக்கிறது எல்லாம் பொய்தானே?” என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் வீடு கடற்கரையோரத்தது. கடலைப் பற்றியும் புயலைப் பற்றியும் வரும் செய்தி மெய்யா பொய்யா என்பது அவனுக்கு வெறும் பரீட்சை வினாவன்று. யான் விடை சொல்ல வாயெடுக்குமுன் மணி அடித்துவிட்டது. உண்மையைச் சொல்வதாயின், மணியினால் யான் தப்பினேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இம்மலரில் எழுத முற்படுகின்றேன். அவனும் இப்பொழுது பழைய மாணவனாகிவிட்டபடியால் அவன் கைக்கும் இது எட்டக்கூடும்.

என் பிழை யாதெனில், சொல்வன்மையைக் கண்டுபிடிக்கக் கற்பித்தேன். கண்டபின் அதனை என்செய்வதென்று கற்பித்தேனில்லை. கள்வனைப் பிடிப்பது போலச் சொற்களைப் பிடிக்கச் செய்தமையால், பிடிபட்டவையெல்லாம் களவு என்று மாணவன் கருதியது இயல்பே. மருத்துவர் ஒருவர் நீரிழிவு நோயாளியை நோக்கி, ‘இப்படியே இருந்தால் காலை வெட்டவேண்டி வரும்’ என்று அச்சுறுத்துகின்றார். அச்சுறுத்துதல் சொல்வன்மை. கால் அழுகுதல் நோயின் இயல்பு. மருத்துவர் உரத்துப் பேசினார் என்பதற்காக நோய் பொய்யாகிவிடுமா? அவ்வாறே, மெல்லிய குரலில் நிதானமாகப் பேசுகின்றார் என்பதற்காக ஒருவர் கூற்று மெய்யாகியும் விடாது. இப்பின்னைய செய்தியே பெரிதும் மறக்கப்படுகின்றது. சிவப்பு மை உரத்த சொற்களை மட்டுமே காட்டும். மெல்லிய சொற்கள் செய்யும் வேலையை அது காட்டமாட்டாது.

நிற்க. பொருளைப் பற்றி முதலிற் சில சொற்கள். நிலக்கரி, பெற்றோலியம், இயற்கை வாயு ஆகியவற்றை எரிப்பதால் வெளிப்படும் காபனீரொட்சைட்டு, புவியினின்றும் வெளியேறும் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட பௌதிக உண்மை. உலக வானிலை அமைப்பின் கணக்கின்படி 2024ஆம் ஆண்டிற் புவியின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையிலான காலத்துச் சராசரியினும் ஏறத்தாழ 1.55 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது. இவ்வுண்மையை உள்ளத்திற் கொண்டே செய்திகளின் மொழியை நோக்குதல் வேண்டும். பொருளறிவின்றி மொழியை மட்டும் ஆராய்பவன், என் மாணவனைப் போல, ஒன்றில் எல்லாவற்றையும் நம்புவான். அன்றேல் எல்லாவற்றையும் தள்ளுவான்.

பெயரிலிருந்து தொடங்குவோம். 1988ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் திகதி, ஜேம்ஸ் ஹான்சன் என்னும் விஞ்ஞானி அமெரிக்கச் செனற் சபைக் குழுவொன்றின் முன் சாட்சியமளித்தார். காணப்படும் வெப்ப உயர்வு தற்செயலானதன்று என்பதில் தமக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிச்சயம் என்றார். மறுநாள் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ தன் முதற்பக்கத்தில், புவி வெப்பமடைதல் தொடங்கிவிட்டது என்று நிபுணர் செனற் சபைக்குக் கூறுகின்றார் என்னும் பொருள்படத் தலைப்பிட்டது. இத்தலைப்பை மாணாக்கர் ஊன்றிக் கவனித்தல் நன்று. கூற்று முன்னும், கூறியவர் பின்னுமாக நிற்கின்றன. விரைந்து வாசிப்போன் கூற்றோடு நின்றுவிடுவான். ஆயினும் கூறியவர் யார், எங்கே கூறினார் என்பதும் அவ்வொரு வரியிலேயே உள்ளது. உரத்த தலைப்பு, ஆனால் நேர்மையான தலைப்பு.

சில ஆண்டுகள் சென்றபின், பிராங் லன்ட்ஸ் என்பவர் அமெரிக்கக் குடியரசுக் கட்சியினருக்கு எழுதிய ஆலோசனைக் குறிப்பொன்று 2003இல் வெளியே வந்தது. லன்ட்ஸ் விஞ்ஞானியல்லர், எந்தச் சொல்லைக் கேட்டால் மக்கள் மனம் எவ்வாறு அசையும் என்று ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டவர். ‘வெப்பமடைதல்’ என்பது மக்களை அச்சுறுத்துகின்றது, ‘காலநிலை மாற்றம்’ என்பது அத்துணை அச்சுறுத்துவதன்று, ஆதலாற் பின்னதையே வழங்குக என்பது அவர் ஆலோசனைகளுள் ஒன்று. விஞ்ஞான நிச்சயமின்மையை முன்னிறுத்துக என்பது மற்றொன்று. இங்கே உரத்த சொல் ஒன்றேனும் இல்லை. ‘மாற்றம்’ என்பதினும் சாதுவான சொல் யாது? அச்சாதுத்தன்மைக்காகவே அது தெரிந்தெடுக்கப்பட்டது. லன்ட்ஸ் தாமே 2019இற் செனற் சபைக் குழுவொன்றின் முன் தோன்றி, அன்று தாம் கொண்டிருந்த கருத்துத் தவறென்று ஒப்புக்கொண்டார்.

இவ்விடத்து ஒரு தடை எழுதல் கூடும். ‘காலநிலை மாற்றம்’ என்பது அரசியலார் புனைந்த சொல்லாயின், விஞ்ஞானிகளும் அதனை வழங்குவதென்னை? சொல்லைப் புனைந்தவர் லன்ட்ஸ் அல்லர். வாலஸ் புரோக்கர் என்பார் 1975இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே காலநிலை மாற்றம், புவி வெப்பமடைதல் என்னும் இரு தொடரும் உள்ளன. 1988இல் அமைக்கப்பட்ட அரசுகளிடைக் குழுவின் பெயரிலும் ‘காலநிலை மாற்றம்’ என்பதே உண்டு. மழையும் கடல்மட்டமும் பருவமும் மாறுவதையெல்லாம் அடக்குதற்கு அதுவே பொருத்தமான சொல். ஆகவே, ஒரே சொல் ஒருவர் வாயில் இலக்கணமாகவும் இன்னொருவர் வாயில் உபாயமாகவும் நிற்றல் கூடும். சொல்லை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிதல் இயலாது. யார், யாருக்கு, எதன்பொருட்டு என்று கேட்டாலன்றி விளங்காது.

மறுபக்கத்தாரும் வாளாவிருந்தனரல்லர். லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் எழுத்தாளருக்கு விதித்த நடைமுறையில், ‘மாற்றம்’ என்பதனிடத்து ‘நெருக்கடி’, ‘அவசரநிலை’ என்பனவும், ‘வோமிங்’ என்பதனிடத்து ‘ஹீற்றிங்’ என்பதும் விரும்பத்தக்கன என்றது. ஆங்கிலத்தில் முன்னது இளஞ்சூடு. குளிர்காலத்திற் கணப்பருகே இருப்போனுக்கு இன்பந் தருவது. பின்னது அடுப்பின் வினை. தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்ட வேறு சொல் தேடவேண்டியதில்லை. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு ஆயத்தமாக உள்ளது. ‘புவி வெப்பமடைகின்றது’ என்பது தன்வினை. பால் புளிப்பது போலப் புவி தானே வெப்பமடைகின்றது, செய்வார் ஒருவருமில்லை. ‘புவி வெப்பமாக்கப்படுகின்றது’ என்றால் ஆக்குவோர் யார் என்னும் வினா உடன்பிறக்கின்றது. ‘காடு அழிந்தது’, ‘காடு அழிக்கப்பட்டது’, ‘கம்பனி காட்டை அழித்தது’ என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குக. மூன்றும் ஒரே நிகழ்ச்சியைக் கூறுகின்றன, மூன்றும் மெய். ஆயினும் முதலாவதில் ஒருவரும் கேட்கப்படார். மூன்றாவதில் ஒருவர் பதில் சொல்லியே தீரவேண்டும். பரீட்சைக்கென்று நாம் கசப்போடு கற்பிக்கும் வினையியல், பத்திரிகை வாசிப்பில் இவ்வாறு கைகொடுக்கும் என்று யான் நெடுங்காலம் எண்ணியதில்லை. எண்ணியிருந்தாற் சிவப்பு மையை வினைமுற்றுக்களின் கீழல்லவா இடச்செய்திருப்பேன்!

பெயருக்கு அடுத்தபடி, நிச்சயத்தைக் குறிக்கும் சொற்கள். மேலே கூறிய அரசுகளிடைக் குழு இவற்றை அளந்து வழங்குகின்றது. ஆங்கிலத்தில் ‘லைக்லி’ என்று அக்குழு எழுதினால் நூற்றுக்கு 66க்கு மேற்பட்ட வாய்ப்பு என்று பொருள். அதனை ‘வெரி’ என்னும் அடையோடு எழுதினால் 90க்கு மேல். ‘எக்ஸ்ட்ரீம்லி’ என்னும் அடையோடு எழுதினால் 95க்கு மேல். வெப்ப உயர்வுக்கு மனிதன் காரணமோ என்னும் வினாவுக்கு அக்குழு காலந்தோறும் அளித்த விடையை அடுக்கிப் பார்த்தால், அறிவு வளர்ந்த வரலாறு புலப்படும். 1990இல், நிச்சயமாகக் கூறுதற்கு இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ செல்லும் என்றது. 1995இல், மனிதன் கை தென்படுகின்றது என்றது. 2001இல் 66க்கு மேல்; 2007இல் 90க்கு மேல்; 2013இல் 95க்கு மேல். 2021இல் ஐயத்துக்கிடமில்லை என்று முடித்துவிட்டது. முப்பதாண்டிற்கு மேலாகப் படிப்படியாக ஏறிய ஏணி இது. வாதத்தில் வெல்ல விரும்புவோர் இவ்வாறு ஏறுவதில்லை. முதல் நாளே உச்சியில் நிற்பர்.

இனி, அவ்வளந்த சொல் தமிழ்ச் செய்தியாக மாறும்போது என்னாகின்றது? ‘மனிதச் செயல்கள் காரணமாக இருக்கலாம் என விஞ்ஞானிகள் தெரிவித்துள்ளனர்’ என்றாகின்றது. ‘லாம்’ என்னும் அவ்வீறு நம் மொழியில் எல்லாவற்றுக்கும் இடங்கொடுக்கும். நாளை மழை பெய்யலாம். நாளை எனக்கு அதிட்டலாபச் சீட்டு விழலாம். நூற்றுக்கு ஒன்றும் ‘லாம்’. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தும் ‘லாம்’. மொழிபெயர்த்தவர் ஒருவரையும் ஏமாற்ற எண்ணினாரல்லர். இரவு பத்து மணிக்கு அச்சுக்குச் செல்லவேண்டிய பக்கத்தை முடிக்க எண்ணினார். ஆயினும் முப்பதாண்டு ஏணி அந்த ஈரெழுத்தின் முன் தரைமட்டமாயிற்று. ‘பெரும்பாலும்’, ‘ஏறத்தாழ நிச்சயமாக’, ‘ஐயமின்றி’ என்று பிரித்தெழுத நமக்குச் சொற்கள் இல்லாமலில்லை.

தேய்ப்பது ஒரு பிழையானால் ஊதிப்பெருக்குவது மற்றொன்று. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் அக்குழு வெளியிட்ட அறிக்கையொன்று, வெப்ப உயர்வை 1.5 பாகையளவில் நிறுத்துவதாயின் உலகக் காபனீரொட்சைட்டு வெளியேற்றம், 2010ஆம் ஆண்டு அளவினின்றும், 2030க்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 குறைதல் வேண்டும் என்றது. அடுத்த நாளே பத்திரிகைகளில் ‘இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள்’ என்னும் தலைப்புக்கள் எழுந்தன. 2030இலிருந்து 2018ஐக் கழித்தால் 12 வரும், கணக்கிற் பிழையில்லை. ஆனால் ஓர் இலக்கை அடையும் வழியிலுள்ள மைல்கல், உலகம் முடியும் நாளாக மக்கள் வாயில் உருமாறிவிட்டது. 2030இல் உலகம் முடியமாட்டாது. முடியாதபோது, ‘பார்த்தீர்களா, சொன்னது பொய்’ என்று கூறுதற்கு ஒரு கூட்டம் காத்திருக்கும். மெய்யின் பக்கம் நிற்போர் மிகைப்படக் கூறுவதால், மெய்க்கே கேடு சூழ்கின்றனர். அன்று என் வகுப்பிற் கொடுத்த தாளிற் சிவந்த சொற்களுட் பல இவ்வினத்தவை.

உரத்த சொல்லும் இன்றி, சாதுவான சொல்லும் இன்றி, சொல்லொழுங்கினாலேயே வாசகனைத் திருப்பும் வழியும் உண்டு. ‘ஒருசாரார் இவ்வாறு கூற, மறுசாரார் அதனை மறுக்கின்றனர்’ என்னும் அமைப்பே அது. பார்வைக்கு இதனினும் நடுவுநிலை வேறில்லை. பத்திரிகைத் தொழிலிற் புகுவோருக்கு முதலிற் கற்பிக்கப்படும் அறமும் இதுவே. மக்ஸ்வெல் பொய்கொவ், ஜூல்ஸ் பொய்கொவ் என்னும் சகோதரர் இருவர், 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் நான்கு பெரும் பத்திரிகைகளில் வெளிவந்த கட்டுரைகளுள் 636ஐத் தெரிந்தெடுத்து ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். பாதிக்குச் சற்று மேற்பட்டவை மனிதன் காரணம் என்பதற்கும் இயற்கையே காரணம் என்பதற்கும் ஏறத்தாழச் சமமான இடம் அளித்திருந்தன. விஞ்ஞானிகளிடையே அத்தகைய சமநிலை இல்லாத காலத்தில், பத்திரிகைத் தாளில் மட்டும் அது நிலவியது. நீதிமன்றில் இருபக்கமும் கேட்டல் முறை. இரண்டும் இரண்டும் நான்கென்பாரையும் ஐந்தென்பாரையும் அழைத்துச் சம நேரம் கொடுத்தால், கேட்போன் நாலரை என்று எண்ணிக்கொண்டு வீடு செல்வான்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் இவ்வலையில் அகப்பட்டது. 2017இல் அதன் காலை நிகழ்ச்சியொன்றில் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லோசன், கடந்த பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பநிலை சற்றுக் குறைந்துள்ளது என்றார். அது பிழை. நிகழ்ச்சியை நடத்தியவர் அங்கேயே மறுத்தாரில்லை. மறுவருடம் ஒலிபரப்பை மேற்பார்வை செய்யும் அதிகார சபை, விதி மீறப்பட்டதென்று தீர்த்தது. பின்னர் அக்கூட்டுத்தாபனம் தன் ஊழியருக்கு விடுத்த அறிவுறுத்தலில், விவாதத்தைச் சமப்படுத்துதற்கென்று மறுப்பவர் ஒருவரை அழைத்துவர வேண்டியதில்லை என்று எழுதியது.

விளம்பரமும் செய்தியின் உடையணிந்து வருவதுண்டு. மோபில் என்னும் எண்ணெய்க் கம்பனி 1970களிலிருந்து நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் கருத்துப் பக்கத்திற் காசு கொடுத்து இடம்பெற்று, தலையங்கம் போன்ற நடையிற் கட்டுரைகள் வெளியிட்டுவந்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெவ்ரி சுப்ரான், நயோமி ஒரெஸ்கெஸ் என்போர் 1977 முதல் 2014 வரையிலான 187 ஆவணங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு, சொல்வன்மை பயில்வார்க்கெல்லாம் ஒரு பாடம். எக்சன்மோபில் கம்பனியின் விஞ்ஞானிகள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளுள், இவ்விடயத்தில் ஒரு நிலை எடுத்தவற்றில், நூற்றுக்கு 83 மனிதன் காரணம் என்பதை ஏற்றன. பொதுமக்களுக்கென எழுதிய விளம்பரக் கட்டுரைகளில் அவ்வாறு ஏற்றவை நூற்றுக்கு 12. ஐயம் எழுப்பியவை 81. உள்ளே ஒரு மொழி. வெளியே வேறொரு மொழி. அவ்விளம்பரங்களின் நடையைப் பார்த்தால், அச்சுறுத்தல் இல்லை, ஆரவாரம் இல்லை. நன்கு கற்ற பெரியவர் ஒருவர் சாய்மனைக் கதிரையிலிருந்து பேசுவது போலிருக்கும். சிவப்பு மைப் பேனாவை அங்கே கொடுத்திருந்தால், என் மாணவன் தாளை வெள்ளையாகவே திருப்பித் தந்திருப்பான்.

ஒற்றைச் சொல் ஒன்று செய்த வேலையைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன். தமிழாசிரியனுக்கு இதில் ஒரு தனி உவகை உண்டு. 2009ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தின் கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழகத்துக் காலநிலை ஆய்வு நிலையத்தினின்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் களவாக வெளியிடப்பட்டன. அவற்றுள் ஒன்று, அந்நிலையத்தைச் சேர்ந்த பில் ஜோன்ஸ் என்பார் 1999இல் எழுதியது. வேறொரு விஞ்ஞானி கையாண்ட ‘ட்ரிக்’கைத் தாமும் கையாண்டு, ‘வீழ்ச்சியை மறைத்தமை’ பற்றி அவர் அதிற் குறிப்பிட்டிருந்தார். உலகப் பத்திரிகைகள் பற்றிக்கொண்டன. வெப்பநிலை வீழ்ச்சியடைந்ததாம், அதனை விஞ்ஞானிகள் தந்திரத்தால் மறைத்தனராம்.

மறைக்கப்பட்டதென்ற வீழ்ச்சி வெப்பநிலையின் வீழ்ச்சியன்று. வெப்பமானிகள் அக்காலத்தில் உயர்வையே காட்டின. பழங்காலத்து வெப்பநிலையை மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு கணிப்பதுண்டு. வடபுலத்து மரங்கள் சிலவற்றின் வளைய அடர்த்தி, ஏறத்தாழ 1960க்குப் பின் வெப்பமானியோடு ஒத்துச் செல்லவில்லை. அவ்வளையங்கள் காட்டிய வீழ்ச்சியே அது. ஒரு வரைபடத்தில் அப்பகுதியை நீக்கி, அதனிடத்து வெப்பமானி அளவுகளைச் சேர்த்துக் கோடு வரைந்திருந்தனர். இதனை ஆராய்ந்த விசாரணைகளுள் 2010ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்தது, விஞ்ஞானிகளின் நேர்மையிற் குறை காணவில்லை. ஆயினும் இவ்வாறு செய்ததை வரைபடத்தோடு விளக்காமல் விட்டமையால், உலக வானிலை அமைப்பின் வெளியீடொன்றின் அட்டையில் வந்த அப்படம் தவறான எண்ணத்தைத் தருவது என்றது. அதுவும் சொல்லப்படவேண்டியதே.

‘ட்ரிக்’ என்னும் சொல்லைத் தமிழில் எவ்வாறு தருவது? ‘தந்திரம்’ என்றால் விஞ்ஞானி வஞ்சகனாகின்றான். ‘உத்தி’ என்றால் கணித ஆசிரியனாகின்றான். கடினமான கணக்கைச் சுருக்கமாகச் செய்யும் வழியை ஆங்கிலம் பேசும் கணிதர் இச்சொல்லாலேயே குறிப்பர். மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைத் தெரிந்தெடுக்கும் கணத்தில், தானறியாமலே நீதிபதியாகிவிடுகின்றான். வேடிக்கை யாதெனில், இவ்விரு தமிழ்ச் சொற்களும் முன்னொரு காலத்தில் ஒருவீட்டில் வாழ்ந்தவை. நன்னூலார் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளைக் கூறுகின்றார். அவற்றுக்குத் தந்திரவுத்தி என்பது பெயர். ஆண்டுத் தந்திரம் என்பது நூல். நூலைக் குறித்த சொல் வஞ்சனையைக் குறிக்க வந்ததற்குப் படித்தவர்கள் பொறுப்பாளிகளோ என்னவோ, யானறியேன்.

எங்கே தொடங்குவது என்பதும் சொல்வன்மையே. 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்து ஞாயிற்றுப் பத்திரிகையொன்று, புவி வெப்பமடைதல் 16 ஆண்டுகளுக்கு முன் நின்றுவிட்டது என்று எழுதியது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் எல் நினோ என்னும் பசுபிக் கடல் வெப்பநிகழ்வு பெரிதும் உண்டாகி, 1998 அக்காலத்துக்கு மிக வெப்பமான ஆண்டாயிருந்தது. மேட்டின்மேல் நின்று பார்த்தால் முன்னுள்ள நிலம் சமதரையாகவே தோன்றும். 2015 முதல் 2024 வரையிலான பத்தாண்டுகளும், அளவெடுக்கத் தொடங்கியபின் 2024 வரை கண்ட ஆண்டுகளுள் மிக வெப்பமான பத்து. வரைபடம் ஒன்றைக் கண்டால் முதலிற் கோட்டைப் பாராமல், இடப்புற மூலையிலுள்ள ஆண்டைப் பார்க்குமாறு மாணாக்கருக்கு இப்பொழுது கூறிவருகின்றேன்.

இனி நம்மவர் பத்திரிகை மொழிக்கு வருவோம். கூறினார் என்னும் பொருளில் நம் செய்தியாளர் வழங்கும் வினைகள் பல. ‘தெரிவித்தார்’ என்பது ஒருபக்கமும் சாயாதது. ‘சுட்டிக்காட்டினார்’ என்றால், சுட்டப்பட்ட பொருள் உண்மையாகவே அங்கிருக்கின்றது என்று செய்தியாளரும் உடன்பட்டதாக முடியும். ‘வாதிட்டார்’ என்றால் மறுத்தற்கு இடமுண்டு. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் முன்னர் ஒளித்திருந்தார். ‘எச்சரித்தார்’ என்றால் அஞ்சவேண்டிய ஒன்று உண்டு. ஒரே பேச்சை இவ்வைந்து வினையாலும் முடித்துப் பார்க்க. பேச்சின் ஓர் எழுத்தும் மாறாமல் பேசியவர் ஐவராவார்.

மாரிதோறும் நம் பத்திரிகைகளில் ‘வரலாறு காணாத மழை’ பெய்கின்றது. ஆண்டுதோறும் காணும் ஒன்று வரலாறு காணாததாதல் எங்ஙனம்? உண்மையிலேயே காணாத மழை பெய்யும் நாளிற் சொல்வதற்கு, அச்செய்தியாளரிடம் சொல் மிஞ்சியிராது. ‘இயற்கையின் சீற்றம்’ என்பது இன்னொன்று. சீறுவோனோடு வழக்காட முடியாது. வணங்கிப் பணியலாம், அவ்வளவே. வடிகாலை மூடிக் கட்டடம் எழுப்பியவரும், தாழ்நிலத்தை நிரப்பி விற்றவரும், இவ்வொரு தொடரின் மறைவில் நின்று மழைக்கு ஒதுங்குகின்றனர்.

இக்காலத்தில் ‘காலநிலை மாற்றம்’ என்பதும் அத்தகைய ஒதுக்கிடமாகி வருகின்றது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராவதற்குக் காலநிலை மாற்றமே காரணம் என்று எழுதிவிடுதல் எளிது. கடல்மட்டம் உயர்தல் அதனைக் கூட்டும் என்பதும் மெய். ஆனால் சுண்ணக்கற் பாறையினுள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரை, மழை நிரப்புவதினும் விரைவாக நீரிறைக்கும் இயந்திரங்களால் நாமே இறைத்தெடுக்கின்றோம் என்பது, அதனினும் கிட்டிய காரணம். துலா மிதித்த காலத்திற் கிணறு ஊறுவதற்கு இடைவேளை இருந்தது. மெய்யான ஒரு பெருங்காரணத்தைக் கூறி, மெய்யான மற்றொரு காரணத்தை மறைத்தல் கூடும். இதிற் பொய் ஒரு சொல்லும் இல்லை. கோடிடுதற்கு ஒரு சொல்லும் இல்லை.

இப்பொழுது வகுப்பில் அப்பயிற்சியை வேறுவிதமாக நடத்துகின்றேன். செய்தியைக் கொடுத்துச் சிவப்பு மையினாற் கோடிடச் செய்வது முன்போலவே. அதன்பின், கோடிட்ட சொற்களையெல்லாம் நீக்கி எஞ்சிய கூற்றை ஒரு வாக்கியமாக எழுதச் சொல்கின்றேன். பலருக்கு இங்கேயே வியர்க்கும். சில செய்திகளில் ஒன்றும் எஞ்சாது. சிலவற்றில் எண்ணும் ஆண்டும் அளந்தவர் பெயரும் எஞ்சும். எஞ்சிய வாக்கியத்தின் கீழ், இது பொய்யாயின் எதனைக் கண்டு பொய்யென்று அறிவோம் என்று எழுதவேண்டும். ஈற்றில், அச்செய்தியில் எழுவாய் இல்லாத வினைகளுக்கெல்லாம் எழுவாய் தேடவேண்டும்.

சென்ற தவணையில் மாணவி ஒருத்தி இப்பயிற்சியை முடித்துத் தாளைத் தந்தபோது, கடைசிப் பகுதியில் ஓரிடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ‘கரையோரம் அரிக்கப்படுகின்றது’ என்பதே வாக்கியம். எழுவாய் கடலா, மணல் அள்ளுவோரா, கடலை உயர்த்துவோரா என்று தனக்குத் தெரியவில்லை என்றும், மூன்றையும் எழுதினால் எது எவ்வளவு என்று யாரிடம் கேட்பது என்றும் வினவினாள். புவியியல் ஆசிரியரிடம் அனுப்பினேன். அவர் அவளை அடுத்த சனிக்கிழமை, அளவுநாடாவுடன் கடற்கரைக்கு வரச்சொன்னார்.